பத்து மீட்டர் தூரத்தில் பாஸ்

ஓசூர்ப் பக்கம் ஒரு மின்கருவிக் கம்பெனியின் சோதனைக்கூடம். ஒரு மின்கருவி பக்கத்துக் கருவியின் சிக்னலைக் கெடுக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. டெக்னீஷியன் முனிலட்சுமியிடம் கம்பெனி மேலாளர் கஜேந்திரன் அங்கே தயாரான ஒரு மின்கருவிப் பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"கடையில விக்கிற சரக்குக்கான சோதனையில இது பாஸ். செயற்கைக்கோளுக்கும் அதே ரிப்போர்ட் போதும். கையெழுத்துப் போடு."

"அதுல அளக்கிற ஆன்டெனாவைப் பத்து மீட்டர் தள்ளி வச்சோம் சார். விண்வெளிக்குன்னா ஒரு மீட்டர்ல வச்சு அளக்கணும்."

"பாஸ்னா பாஸ்தான்! போடலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"செயற்கைக்கோளுக்காக இதை வாங்க வந்திருக்கிறவங்க முன்னாடி நீங்களே சொல்லுங்க சார். அவங்க ஒத்துக்கிட்டா உடனே போடறேன்."

கஜேந்திரனுக்கு மேடை என்றால் உயிர். வாங்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்த ஹாலில், சட்டையில் கம்பியில்லா மைக்கைக் குத்திக்கொண்டு மேடையில் நின்றார். முனிலட்சுமி மைக்கின் ரிசீவரை ஒட்டிப் பெட்டியை வைத்து ஆன் செய்தாள். அவர் வாயைத் திறந்ததும் ஸ்பீக்கர் கொரகொரவென்று அலறியது.

"அதைத் தூரமா கொண்டு போ!"

நீள வயரோடு பெட்டியை ஹாலின் கோடிக்குத் தூக்கிப் போனாள். குரல் தெளிந்தது. அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? பத்து மீட்டர்ல ஒரு தொந்தரவும் இல்லை!"

"ஆமா சார். ஆனா அந்தச் செயற்கைக்கோளே உங்க மேஜை அளவுதான். அதுக்குள்ள பத்து மீட்டருக்கு எங்கே போறது?"

வாங்க வந்த அதிகாரி அம்மாள் எழுந்தார். "ஒரு மீட்டர்ல அளந்துட்டு நீங்களே சொல்லுங்கம்மா. உங்க கையெழுத்து இல்லாம வாங்க மாட்டோம்."

மைக் இன்னும் ஆனில் இருந்தது. கஜேந்திரன் எச்சில் விழுங்கியது ஹால் முழுக்கத் தெளிவாகக் கேட்டது.