கொண்டைக்கடலைச் செடியின் பனி புளித்த கதை

செடிகொடிகள் மனிதர்களோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு கரிசல் காட்டில் கொண்டைக்கடலை விளைந்திருந்தது. காட்டுக்காரி சீனித்தாய். விடிந்ததும் வெறுங்காலோடு வந்து களை பிடுங்குவாள். பிடுங்கிக்கொண்டே வீட்டுக் கதையெல்லாம் சொல்வாள். செடியும் மண்ணின் ஈரம் எப்படி, இன்றைக்கு மழை வருமா என்று அவளுக்குச் சொல்லும்.

அந்த வருஷம் காய்ப்புழு வந்தது. காய்க்குள் தலையை விட்டுப் பருப்பைத் தின்றது. செடிக்கு உயிர் பதறியது.

அதன் இலைகளிலும் தண்டிலும் மெல்லிய முடிகள் உண்டு. முடியின் நுனியில் ஒரு துளி சாறு நிற்கும். அந்தச் சாற்றில் ஹைட்ரஜன்கள் குடியிருந்தன. ஒரு ஹைட்ரஜனுக்குச் சொத்து என்று இருப்பது ஒரே ஒரு எலக்ட்ரான்தான். அதைச் சாற்றிடமே விட்டுவிட்டு ஈரத்தில் இறங்கிவிட்டால் அதற்கு நிலைகொள்ளாது, எதிர்ப்பட்டதைப் பற்றிக்கொள்ளும். கொஞ்சம் பேர் அப்படிப் போனால் புளிக்கும். எல்லோரும் போனால் எரிக்கும். இது தெரிந்துதான் செடி அதுவரை ஒருவரையும் வெளியே விட்டதில்லை.

அன்று பனி இறங்கியபோது செடி சொன்னது: "எல்லாரும் போங்க. ஒருத்தரும் மிச்சம் இருக்கக் கூடாது."

"எல்லாருமேவா?" என்று கேட்டன ஹைட்ரஜன்கள்.

"எல்லாரும்தான்."

சாறு பிடியை விட்டது. ஹைட்ரஜன்கள் மொத்தமாகப் பனியில் இறங்கின. புழுக்கள் சுருண்டு சுருண்டு விழுந்தன. செடிக்கு ஒரே பெருமை. காலையில் சீனித்தாய் வந்ததும் காட்ட வேண்டும் என்று காத்திருந்தது.

அவள் வந்தாள். பாத்திக்குள் நாலு எட்டு வைத்ததும் "ஐயோ!" என்று அலறினாள். விழப்போனவள் செடிகளைப் பற்றிக்கொண்டாள். உள்ளங்கையும் வெந்தது.

அவள் புருஷன் அய்யாப்பழம் செருப்புக் காலோடு ஓடிவந்து தூக்கிப்போய்க் கிணற்றடியில் உட்காரவைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். கால் இரண்டும் கொப்புளித்துக் கிடந்தன.

"பக்கத்துக் காட்டு மாடசாமிதான் ஏதோ தெளிச்சிருக்கான். வரப்புத் தகராறை மனசுல வச்சிருக்கான்," என்று கம்பை எடுத்தான் அய்யாப்பழம்.

"இருங்க. செடிகிட்டக் கேப்போம்," என்று சீனித்தாய் தடுத்தாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "ராத்திரி பூரா நீ அங்கதான நின்ன? யார் வந்தா?"

செடி யோசித்தது. மாடசாமி பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தாலே போதும், தப்பித்துவிடலாம். அந்த நினைப்பு வந்ததற்கே அதற்குக் கூசியது.

"சொல்லு," என்றாள் சீனித்தாய்.

"யாரும் வரல தாயி. நான்தான்."

அய்யாப்பழத்தின் கை தாழ்ந்தது. பிறகு அவனுக்குக் கோபம் திரும்பியது. "இப்பவே ஏரைப் பூட்டி எல்லாத்தையும் உழுதுபோடுறேன்!"

"வேண்டாங்க. புழுவுக்குப் பயந்துபோய்ப் பண்ணியிருக்கு." சீனித்தாய் செடியைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? வெறுங்காலோட வருவேன்னு உனக்குத் தெரியுமே."

ஏர் பாய்ந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவள் வருவாள் என்று காத்திருந்தது செடி. அவள் வெறுங்காலை மட்டும் அது நினைக்கவே இல்லை.

வெயில் ஏறிப் பனி வற்றியதும், சாறு அத்தனை ஹைட்ரஜனையும் திரும்பச் சேர்த்துக்கொண்டது. செடி சொன்னது: "இனி உங்களை இறுக்கிப் பிடிச்சுக்கப்போறேன். எப்பவும் சில பேர் மட்டும் வெளியே நில்லுங்க. ஒருத்தர் திரும்பி வந்தா இன்னொருத்தர் போகட்டும்."

"அப்ப புழு?"

"கொஞ்சம் தின்னுட்டுப் போகட்டும்."

கால் ஆறிய பிறகு சீனித்தாய் வந்தாள். ஆனால் வரப்பிலேயே நின்றாள். "வா தாயி" என்று கூப்பிடச் செடிக்கு நா எழவில்லை. உள்ளே வராமல் நிற்கும் அந்தக் கால்களைப் பார்க்கவும் முடியவில்லை.

அவள் குனிந்து, ஓர் இலையிலிருந்த பனியை விரல்நுனியால் தொட்டாள். சுடவில்லை. நாக்கில் வைத்தாள். முகம் சுளித்தது.

"புளிக்குதே," என்றாள்.

"ஆமா தாயி. எல்லாரையும் விடல."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முதலில் ஒரு காலை வைத்துப் பார்த்தாள். பிறகு மற்றொரு காலையும் வைத்துக் களை பிடுங்க உட்கார்ந்தாள். அன்று அவள் வீட்டுக் கதை எதுவும் பேசவில்லை.

அன்று முதல்தான் கொண்டைக்கடலைச் செடியின் பனி நாக்கில் புளிக்கிறது. காலில் பட்டால் லேசாக அரிக்கிறதே தவிர, சுடுவதில்லை.