வெள்ளிக் கம்பிப் பெட்டி

"இந்தப் பெட்டியில் அவர்கள் எதைத்தான் வைப்பார்கள்?" என்று கேட்டார் பாவோ.

குரு லின் அம்மாள் நிமிரவில்லை. தலைமுடி போன்ற வெள்ளிக் கம்பியை இடுக்கியால் வளைத்துக்கொண்டிருந்தார்.

காண்டன் துறைமுகத்தில் இருந்தது அவர் பட்டறை. அங்கே கம்பியால் பின்னும் வெள்ளிப் பெட்டிகள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகும். பாவோ குருவைவிட வயதில் மூத்தவர். படகுத் தச்சராக இருந்து, ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வந்தவர்.

"பெட்டியின் உடம்பெல்லாம் ஓட்டை. தேயிலை போட்டால் நமத்துப்போகும். தூள் போட்டால் கொட்டிப்போகும். எதற்கென்றே தெரியாமல் மூடியை எப்படிச் செய்வேன்?"

மூடி பாதியில் கிடந்தது. கப்பலோ புறப்படக் காத்திருந்தது.

"போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்" என்றார் குரு.

பெட்டி செய்யச் சொல்லியிருந்த டச்சுக்கார வியாபாரி ஆற்றங்கரைக் கிடங்கில் இருந்தார். துபாஷி கேள்வியை டச்சு மொழியில் எடுத்துச் சொன்னதும் வியாபாரி எழுந்தே விட்டார்.

"அதை நானல்லவா உங்களிடம் கேட்க வேண்டும்? என் வீட்டில் இதுபோல நாலைந்து இருக்கின்றன. நீங்கள் எதை வைப்பீர்கள் என்று தெரியாமல் எல்லாம் காலியாகவே கிடக்கின்றன."

"காலியாகவா?"

"ஆமாம். சில்வண்டை அடைத்துப் பாட விடுவீர்கள் என்கிறாள் என் மனைவி. சாம்பிராணி என்கிறார் பாதிரியார். என் தாய் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். ஒரு பெட்டியைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். திருப்பித் திருப்பிப் பார்த்துத் தினம் ஒன்று சொல்கிறாள். மற்ற எதிலும் அவளுக்கு மனம் போவதில்லை. சொல்லுங்கள், அதில் என்ன வைப்பீர்கள்?"

பதில் பாவோவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காண்டனில் யார் வீட்டிலும் அப்படியொரு பெட்டி கிடையாது. கப்பலுக்காகவே செய்வது.

"குருவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

பட்டறைக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னார். லின் அம்மாள் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்தார்.

"அந்தத் தாய் தினமுமா பார்க்கிறாள்?"

"தினமும்தானாம்."

லின் அம்மாள் பாதியில் கிடந்த மூடியை எடுத்துப் பாவோவிடம் நீட்டினார்.

"மூடியை முடித்துக் கொடுங்கள். நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்."

"அவர் பதில் கேட்பாரே."

"எனக்குக் காது மந்தம் என்று துபாஷியிடம் சொல்லிவிடுவேன். அந்தத் தாய் யோசித்துக்கொண்டே இருக்கட்டும்."

"என்னைத் தேடி இங்கேயே வந்துவிட்டால்? எனக்குப் பொய் சொல்ல வராது, குருவே."

"அப்படியானால் கப்பல் போகும்வரை அவர் கண்ணில் படாதீர்கள்."