ராஜா ஜோடியும் மெஸ் கதவும்

"சீட்டு மேல தப்பில்ல அண்ணே. ராஜா ரெண்டு சேர்ந்ததும் ஊரையே உக்கார வச்சீங்க. அதான்."

சொன்ன ராயப்பன் கப்பல்ல எலக்ட்ரீசியன். கேட்ட டென்சிங் ஃபிட்டர், அவனவிட அஞ்சு வயசு மூப்பு. ஆனா சீட்டுன்னு வந்துட்டா அவனை 'குருவே'ன்னுதான் கூப்பிடுவார்.

மெஸ்ல இவங்க ரெண்டு பேரோட லிகோரியும் பரமனும் சேர்ந்து ஆடுறது ஏழு சீட்டு ஆட்டம். சிலத மறைச்சும் சிலத தொறந்தும் போடுவாங்க. தட்டுல சேர்றதுல ஒரு பாதி பெரிய கைக்கு. மறுபாதி சின்னக் கைக்கு. ஆனா சின்னக் கைன்னா எட்டுக்கு மேல போகாம அஞ்சு வேற வேற சீட்டு சேரணும். யாருக்கும் சேரலன்னா, பெரிய கைக்கே முழுத்தட்டு.

காசு கிடையாது. வீட்டுப் பண்டம்தான் பந்தயம். ஆட்டம் முடியாம யாரும் வாயில வைக்கக் கூடாது.

டென்சிங் கொண்டுவந்தது அவர் சம்சாரம் ஷீபா பொரிச்ச முந்திரிக்கொத்து, ஒரு டின். முக்காவாசி போயாச்சு. அவர் ஒண்ணுகூட தின்னு பாக்கல.

"சாயங்காலம் கூப்பிடுவா மக்கா. எப்படி இருந்துச்சுன்னு கேப்பா. என்ன சொல்ல?"

"லிகோரி மோந்து பாத்துட்டான். அவங்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

"வெளையாடாத. ஆள் நெறைய இருந்தா தட்டு நெறையும்னு மெதுவாத்தானே கட்டினேன்?"

"நெறைஞ்சுதா?"

"நெறைஞ்சுது."

"யாருக்குப் போச்சு?"

"பெரிய கை லிகோரிக்கு. சின்னக் கை பரமனுக்கு."

"உங்களுக்கு?"

"வேடிக்கை."

ராயப்பன் சீட்டைக் கலைச்சான்.

"அடுத்தவாட்டி ராஜா ஜோடி வந்தா, மொதல்ல கதவச் சாத்துங்க."

சீட்டு விழுந்துச்சு. டென்சிங் மறைச்ச சீட்டைத் தூக்கிப் பாத்தார். எழுந்தார். போயி மெஸ் கதவச் சாத்திட்டு வந்து உக்காந்தார்.

"அண்ணனுக்கு ராஜா ஜோடிடே!" லிகோரி மேசையத் தட்டிச் சிரிச்சான்.

டென்சிங்குக்கு முகம் செவந்துபோச்சு. வெக்கத்துல டின்னுல மிச்சம் இருந்ததுல பாதிய அள்ளித் தட்டுல போட்டார்.

லிகோரி சிரிக்கிறத நிறுத்தினான். சீட்டைக் கவுத்தான்.

பரமனும் கவுத்தான். "இவ்வளவு கட்டி நான் என்னத்தப் பாக்க?"

ராயப்பன் மட்டும் ஈடு கட்டினான். அவன் முன்னால தொறந்து கெடந்தது மூணு, சின்னக் கைக்கு ஏத்த சீட்டு.

டென்சிங் கதவப் பாத்தார். கவுந்து கெடந்த ரெண்டு கையையும் பாத்தார்.

"ஓ, இதான் கதவா?"ன்னார்.

அடுத்து ராயப்பனுக்கு அஞ்சு. டென்சிங் எதுவும் கட்டாம, சும்மா மேசையத் தட்டி அடுத்த சீட்டுக்கு விட்டார்.

அடுத்து ராணி. டென்சிங் ரெண்டு கொத்து வச்சார். ராயப்பனும் ஈடா ரெண்டு முறுக்கு வச்சான்.

அடுத்து ஜாக்கி.

டென்சிங் டின்னையே கவுத்துட்டார். கடைசிக் கொத்து உருண்டு தட்டு விளிம்புல நின்னுச்சு.

"அண்ணே, அப்புறம் ஷீபா மதினிகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"அத அப்புறம் பாக்கலாம் குருவே. நீ கட்டுறியா?"

ராயப்பன் தன் ராணியையும் ஜாக்கியையும் பாத்தான்.

"இன்னும் ஒரே சீட்டு பாக்கி. அது சின்னதா வந்தாலும் எனக்குப் பாதி. வராட்டி ஒண்ணும் இல்ல. அதுக்கு நான் முழுசாக் கட்டணும், இல்ல?"

"ஆமா மக்கா."

ராயப்பன் சீட்டைக் கவுத்தான். அவன் மொகத்துல அப்படி ஒரு சிரிப்பு.

டென்சிங் முழுத்தட்டையும் இழுத்து, "ஆட்டம் போதும்டே"ன்னு மொதல் முந்திரிக்கொத்தக் கடிச்சார். கண்ண மூடிக்கிட்டார்.

செவுத்து ஸ்பீக்கர் கரகரத்துச்சு. "ராயப்பன், கீழ வா. ஜெனரேட்டர் மக்கர் பண்ணுது."

ராயப்பன் தட்டுலேர்ந்து ஒண்ண எடுத்துக்கிட்டு எழுந்தான். வாசல்ல நின்னு திரும்பினான்.

"கதவச் சாத்தவா அண்ணே?"

டென்சிங் வாய் நெறைய வச்சுக்கிட்டு தலைய ஆட்டினார்.

"வேண்டாம், தொறந்தே கெடக்கட்டும். போற வழியில சமையக்கட்டுல உள்ளவங்களையும் வரச் சொல்லு."

ராயப்பன் போயிட்டான்.