சேற்றில் ஒட்டிய மின்மினிகள்

மழைக்கும் வெயிலுக்கும் மனஸ்தாபம் வராத ஒரு காலத்தில், ஓர் ஏரிக்கரையில் ஓர் ஈச்சமரம் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து நின்றது. மரம் முழுக்கத் தூக்கணாங்குருவிகள்.

தூக்கணாங்குருவி வீட்டுக் கல்யாணம் எப்படி நடக்கும் தெரியுமா? ஆண் குருவி நாணல் இலையைக் கீறி நாராக்கிப் பாதிக் கூடு கட்டும். உள்சுவரில் கொஞ்சம் ஈரமண் பூசும். பெண் குருவி வந்து பார்க்கும். பிடித்தால் உள்ளே உட்காரும். ஆண் குருவி மீதியைக் கட்டி முடிக்கும். பிடிக்காவிட்டால் பறந்துபோகும். பேச்சுக்கே இடமில்லை.

அந்த மரத்தில் மஞ்சக்கொண்டை என்று ஓர் இளம் ஆண் குருவி இருந்தது. அதற்கு அந்த வருஷம்தான் முதல் கூடு.

பக்கத்துக் கிளையில் பகட்டன் என்ற மூத்த ஆண் குருவி. ஒரு நாள் அது ஒரு மின்மினியைப் பிடித்து வந்து, சுவரில் பூசிய ஈரமண்ணில் ஒட்டி வைத்தது. அந்தி சாய்ந்ததும் கூடு உள்ளே மினுங்கியது. மறுநாளே ஒரு பெண் குருவி வந்து அந்தக் கூட்டில் உட்கார்ந்துவிட்டது.

"பாத்தியா தம்பி? வெளிச்சம் இல்லாத வீட்டுக்கு இந்தக் காலத்துல யார் வாக்கப்படுவா?" என்றது பகட்டன்.

அவ்வளவுதான், மரம் முழுக்க அதே பேச்சு. எதிர்க்கிளையில் ஐந்து மின்மினி என்றால் இந்தக் கிளையில் பத்து. ஒட்டிய மின்மினிகள் சீக்கிரமே மங்கிச் செத்துப்போகும். உடனே புதிதாகப் பிடித்து வர வேண்டும். நார் கிழிக்கப் போக வேண்டிய குருவிகள் எல்லாம் புதர் புதராகத் துழாவிக்கொண்டிருந்தன.

மஞ்சக்கொண்டையும் ஓடி ஓடி ஒட்டியது. சுவரில் இடம் போதாமல் கூரையிலும் ஒட்டியது. நெல்லாச்சி என்ற பெண் குருவி வந்து எட்டிப் பார்த்தது. அலகால் எதையோ இழுத்தது. உடனே பறந்துபோய்விட்டது.

'இன்னும் வெளிச்சம் பத்தலை போல' என்று மஞ்சக்கொண்டை நொந்துகொண்டது. அந்தப் பருவம் முழுக்க அதன் கூட்டில் ஒருவரும் வந்து உட்காரவில்லை.

அடுத்த வருஷம் மேகம் கூடியதும், மஞ்சக்கொண்டை முதல் ஆளாக நாணல் காட்டுக்குப் போனது. போய்ப் பார்த்தால் இலையெல்லாம் சல்லடை! ஒரு நாரைக் கிழித்தால் பாதியிலேயே அறுந்துபோகிறது. தண்டுக்குத் தண்டு நத்தைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"என்ன நத்தையாரே, எங்க வீட்டுச் சாமானைப் பூரா தின்னுட்டீங்களே?"

ஒரு கிழட்டு நத்தை மெதுவாகக் கொம்பை நீட்டியது. "பசிக்குது, தின்கிறோம். முன்னெல்லாம் எங்களைத் தின்ன ஆள் இருந்துச்சு. இப்போ காணோம். அதை ஒழிச்சுக் கட்டின மகராசன் நல்லா இருக்கட்டும்."

யார் அந்த ஆள் என்று மஞ்சக்கொண்டைக்கு விளங்கவில்லை. நார் தேடி ஏரியைச் சுற்றி வந்தது. கோடியில் ஒரு தாழம்புதர். தாழை முள்ளுக்குப் பயந்து எந்தக் குருவியும் அங்கே போனதில்லை. அதைச் சுற்றி மட்டும் நாணல் பச்சைப் பசேலென்று, ஓர் ஓட்டைகூட இல்லாமல் நின்றது. அந்தி இறங்கியதும் புதருக்குள் மின்மினிகள் மினுங்கின.

'நாரும் இங்கேயே, விளக்கும் இங்கேயே!' என்று பூரித்துப்போய் ஒரு மின்மினியை லபக்கென்று கவ்வியது. அதன் பெயர் மினுக்காத்தா.

"ஒட்டத்தானே போறே? ஒட்டிக்கோ. அதுக்கு முன்னாடி கீழே ஒரு தடவை பாரு" என்றது மினுக்காத்தா.

கீழே ஈரச் சருகில் ஒரு கறுப்புப் புழு. அது ஒரு நத்தை ஓட்டுக்குள் தலையை விட்டுச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது.

"அது என் பிள்ளை. எங்க பிள்ளைங்களுக்கு நத்தைதான் சோறு. எங்களை முட்டையிட விடாம சேத்துல ஒட்டிட்டீங்க. பிள்ளைங்க இல்லை, நத்தை பெருகிப்போச்சு. உங்க நாணல் எங்கே போச்சுன்னு இப்போ தெரியுதா?"

மஞ்சக்கொண்டையின் அலகு தானாகத் திறந்தது. மினுக்காத்தா ஓர் இலையில் போய் உட்கார்ந்து இறக்கையைத் துடைத்துக்கொண்டது.

"புரியுது அக்கா. ஆனா வெளிச்சம் இல்லாட்டி என் கூட்டுக்கு யார் வருவா? போன வருஷமே யாரும் வந்து உக்காரலை."

"அதை ஏன் என்கிட்ட கேக்குறே? வரவேண்டியவளைப் போய்க் கேளு."

மறுநாள் மஞ்சக்கொண்டை கூச்சத்தை விட்டு நெல்லாச்சியிடம் போய்க் கேட்டது. நெல்லாச்சி சிரித்துவிட்டது.

"வெளிச்சமா? இருட்டினா நான் கண்ணை மூடித் தூங்குறவ. உன் கூட்டுல ஒரு முடிச்சை இழுத்தேன், அலகோட வந்துடுச்சு. காத்தடிச்சா முட்டையோட ஏரிக்குள்ள போகணுமான்னு கிளம்பிட்டேன்."

"அப்போ பகட்டண்ணன் கூடு?"

"உங்கண்ணன் முடிச்சு போட்ட அழகைப் பாத்துத்தான் அவ போனா. விளக்கைப் பாத்து யாரு போனா?"

மஞ்சக்கொண்டை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது. ஆனால் வேலையில் இறங்கிவிட்டது. தாழம்புதர் ஓரத்து நாணலில் தண்டுக்கு ஓர் இலை மட்டும் எடுத்தது, குருத்தைத் தொடவில்லை. ஒவ்வொரு முடிச்சையும் போட்டுவிட்டு இழுத்துப் பார்த்தது. நெல்லாச்சி வந்தது. இழுத்தது, தொங்கியது, ஆடிக்கூடப் பார்த்தது. பிறகு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மற்ற குருவிகள் அறுந்த நாரோடு தவித்துக்கொண்டிருந்தன. பகட்டன் வந்து நின்றது.

"எங்கேடா கிடைச்சுது இந்த நாரு?"

மஞ்சக்கொண்டை யோசித்தது. சொன்னால் நாணலும் போகும், மின்மினியும் போகும். சொல்லாவிட்டால் இத்தனை பேருக்கும் கூடு இல்லை. பிறகு எல்லோரையும் தாழம்புதருக்குக் கூட்டிப்போய், முதலில் அந்தக் கறுப்புப் புழுவைக் காட்டியது. நடந்ததைச் சொன்னது.

பகட்டன் புழுவையும் நாணலையும் மாறி மாறிப் பார்த்தது. "அப்போ நம்ம வீட்டை நாமளேவா தின்னோம்?"

"ஆமாண்ணே, நத்தை வாயால தின்னீங்க" என்றது நெல்லாச்சி.

குருவிகள் சிரித்தாலும் யாராலும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அன்றே கூடி ஒரு முடிவுக்கு வந்தன. மின்மினியை ஒட்டுவது இல்லை. நாணலில் தண்டுக்கு ஓர் இலைக்கு மேல் கிழிப்பது இல்லை. ஈரச் சருகை அலகலகாகக் கொண்டுபோய் நாணல் காடு முழுக்கப் போட்டன, மின்மினிகள் வந்து முட்டையிட வசதியாக. இருந்த நாருக்கு அந்த வருஷம் கூடுகள் குறைவுதான். சில குருவிகள் பொறுத்துக்கொண்டன, சில முணுமுணுத்தன, ஆனாலும் மற்றவற்றோடு சேர்ந்து அவையும் சருகு சுமந்தன.

அதற்கடுத்த மழைக்கு நாணல் ஆள் உயரம் நின்றது. அந்தி நேரத்தில் கரை நெடுக மின்மினிகள் மினுங்க, அந்த வெளிச்சம் எல்லாக் கூட்டு வாசலிலும் சும்மாவே வந்து விழுந்தது.

மஞ்சக்கொண்டையின் கூட்டில் குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. மினுக்காத்தாவின் மகள் ஒருத்தி அந்தப் பக்கமாகப் பறந்து வந்தாள்.

"உள்ளே வந்து உக்காந்துட்டுப் போயேன்" என்றது நெல்லாச்சி.

"இல்லக்கா, முட்டையிட இடம் பாக்கணும். இன்னொரு நாள் வர்றேன்."

அவள் மினுங்கிக்கொண்டே நாணலுக்குள் போய் மறைந்தாள்.

தேவை எது, பகட்டு எது என்று கேட்டுப் பார்க்காமல் இன்னோர் உயிரை அழித்து வெளிச்சம் தேடினால், கடைசியில் நம் தலைக்கு மேலுள்ள கூரையைத்தான் இழப்போம்.