ராசா நட்ட கல்லும் பேராச்சி அடைச்ச கரையும்

மேகம் வந்து முட்டி நிக்கிற ஒரு மலை, மலைக்குக் கீழ ஒரு சீமை, அந்தச் சீமையில ஒரு பெரிய குளம், குளத்துக் கரையில ஒரு உடைப்பு இருந்ததாம். அந்தச் சீமைக்கு ராசாவை சனங்கதான் தேர்ந்தெடுப்பாங்களாம். பிடிச்சவர் பானையில ஆளுக்கொரு புளியங்கொட்டை போடணும், அவ்வளவுதான். பழைய ராசா உடைப்பை அடைக்கிறேன் அடைக்கிறேன்னே காலத்தை ஓட்டினாரா, சனங்களுக்குக் கோவம் வந்து, அவர் பானையைக் காலியா விட்டுட்டு ஏகாம்பரம்னு ஒரு புது ஆளோட பானையை வழிய வழிய நிறைச்சுட்டாங்களாம்.

ஏகாம்பர ராசா நல்லவர்தான். ஆனா யார் என்ன கேட்டாலும் இல்லைன்னு சொல்ல அவருக்கு வாய் வராது.

பட்டம் கட்டின அன்னிக்கே பேராச்சின்னு ஒருத்தி வந்து நின்னாளாம். "ராசா, கரைக்குக் கீழதான் என் வீடு, என் வயலு. மழைக்கு முன்ன உடைப்பை அடைக்கலைன்னா ரெண்டும் போயிரும்."

"அடைச்சிரலாம் ஆத்தா."

அப்புறம் வியாபாரிங்க வந்து பாதை கேட்டாங்க. "போட்டிரலாம்." அப்புறம் நெல்லுக் களஞ்சியத்துக்காரங்க வந்து, கூரை ஒழுகுதுன்னாங்க. "மேஞ்சிரலாம்."

எல்லாரும் போனப்புறம் ராசா தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாராம். "மந்திரி, எதை முதல்ல செய்ய?"

குத்தாலம்னு பேரு அந்த மந்திரிக்கு. "ஒண்ணைச் செஞ்சா மத்தவங்களுக்குக் கோவம் வரும் ராசா. மூணுக்கும் அடிக்கல் நட்டிருங்க, யாருக்கும் கோவம் வராது"ன்னாராம். கல்லு வெட்டுற மலை தன் மச்சானோடதுன்னு சொன்னாரா? அதை மட்டும் சொல்லலை.

இடுப்பு உசரக் கல்லு, அதுல ராசா பேரு, மேளம், சர்க்கரைப் பொங்கல். சனங்க கை தட்டினாங்க. பேராச்சியும்தான் தட்டினா. சிரிக்காதீங்க பிள்ளைகளா, நாம அங்க இருந்திருந்தா தட்டாம இருந்திருப்போமா?

அந்தக் கைதட்டல் ராசாவுக்குப் பிடிச்சுப் போச்சு. பாலத்துக்கு ஒரு கல்லு, சத்திரத்துக்கு ஒரு கல்லு, சந்தைக்கு ஒரு கல்லுன்னு போற பக்கமெல்லாம் நட்டுக்கிட்டே போனாராம். சனங்க அந்தக் கல்லுகளைப் பிடுங்கிட்டுப் போய்த் துணி துவைக்க ஆரம்பிச்சாங்களா, மந்திரி தண்டோரா போட்டாராம்: "ராசா கல்லை யார் பிடுங்கினாலும், அந்த வேலையை அவங்களே தன் உடம்பால செஞ்சு முடிக்கணும்."

பேராச்சி மறுபடி வந்தாளாம். "ராசா, கல்லு நட்டாச்சு, கரை அடையலையே."

"கல்லு நட்டாச்சுன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரிதான் ஆத்தா."

அப்புறம் இன்னொரு தடவை வந்தாளாம். "கல்லு மேல ஆடு முதுகு சொறியுது ராசா."

ராசா சிரிச்சுட்டு மேளக்காரங்களோட போயிட்டாராம்.

அப்புறமும் வந்தாளாம். "மலையில மேகம் இறங்கிருச்சு ராசா."

இந்தத் தடவை ராசா முகம் வாடிப் போச்சு. மந்திரி காதுல சொன்னாராம்: "கவலைப்படாதீங்க. வெள்ளம் வந்தா, வெள்ள நிவாரணத்துக்கு ஒரு கல்லு நட்டிரலாம்."

பேராச்சிக்கு அது கேட்டுருச்சு. நேரா தன் தெருவுக்கு வந்தா. "ஏ, எல்லாரும் வண்டியைப் பூட்டுங்க. ராசா நமக்கு எம்புட்டுக் கல்லு வெட்டிக் குடுத்திருக்காரு, அதை வெயில்ல காய விடலாமா?"

கடப்பாரை எடுத்தாங்க, பாலத்துக் கல்லு வந்தது, சத்திரத்துக் கல்லு வந்தது, சந்தைக் கல்லு வந்தது. உடைப்புல அடுக்கி, இடுக்குல களிமண்ணைத் திணிச்சு மிதிச்சு முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியா இருந்ததாம். குளம் நிறைஞ்சது. கரை நின்னுச்சு.

மழை விட்டதும் மந்திரி ராசாவைக் கரைக்கே இழுத்துட்டு வந்துட்டார். "பாருங்க ராசா, பாலம், சத்திரம், சந்தை எல்லாத்தையும் தூக்கி உடைப்புல போட்டுட்டா."

"பாலமும் இல்ல, சத்திரமும் இல்ல மந்திரியாரே"ன்னா பேராச்சி. "அங்க வெறும் கல்லுதான் இருந்துச்சு."

"தண்டோரா கேட்டேல்ல? இனி எல்லா வேலையையும் நீயே செய்யணும்."

ராசா உடைப்புகிட்டப் போனார். தன் பேரு மேல தன் பேரா அடுக்கியிருக்கிறதைப் பாத்துக்கிட்டே நின்னாராம். ஒரு கல்லைத் தொட்டுக் கேட்டார்: "இது எந்த வேலைக்கு நட்டது?" ஒருத்தருக்கும் நினைவில்லை. அவருக்கே நினைவில்லை.

மந்திரிக்குப் பொறுக்கலை. "பிடுங்குங்கடா கல்லை"ன்னார். சேவகங்க தயங்கினாங்க. "விலகுங்க"ன்னு தானே குனிஞ்சு ஒரு கல்லை ஆட்டி ஆட்டி உருவினாராம். உருவின ஓட்டையில இருந்து தண்ணி சீறி வந்து தலைப்பாகையை அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு.

"மந்திரியாரே"ன்னா பேராச்சி, "கல்லைப் பிடுங்கினவங்கதானே தன் உடம்பால வேலையை முடிக்கணும்?"

ராசா முதல் தடவையா சிரிக்காம சொன்னாராம்: "முடிங்க மந்திரி."

வேற வழி? மந்திரி முதுகைக் குடுத்து ஓட்டையை அடைச்சுக்கிட்டு நின்னார். ராசா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மண்ணு சுமந்தார். மேளம் இல்ல, பொங்கல் இல்ல. உள்ள இருந்து மீனு வந்து மந்திரி முதுகைக் கடிக்க, அவர் நெளிய நெளிய, கரை மேல நின்னவங்க கேட்டாங்களாம்: "முதுகு சொறியணுமா மந்திரியாரே? ஆட்டைக் கூட்டிட்டு வரவா?"

பின்னாடி பாதை போட்டப்போ, மந்திரியோட மச்சான் மலையில இருந்து கல்லு சும்மாவே வந்தது. சுமந்துட்டு வந்தவர் யாருன்னு நான் சொல்லணுமா?

கரை அடைஞ்ச மறுநாள் ராசா சனங்களைக் கூப்பிட்டு, "அடுத்தது ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க"ன்னாராம். அவங்களுக்குள்ள பெரிய சண்டை. கடைசியில, எல்லாரும் சாப்பிடுற நெல்லாச்சேன்னு களஞ்சியக் கூரையை மேயச் சொன்னாங்க. வியாபாரிங்களுக்குக் கோவம் வந்து, பாதை போட்டு முடியிற வரைக்கும் ராசாவுக்கு வணக்கமே சொல்லலை. ராசா அதையும் பொறுத்துக்கிட்டார்.

ஒருத்தருக்கும் கோவம் வராம ஆளணும்னா கல்லுதான் நடலாம் பிள்ளைகளா.

"உங்க பேரு தெரியுற மாதிரி கல்லைத் திருப்பி வைக்கவா ராசா?"ன்னு கரையை அடைச்ச அன்னிக்குப் பேராச்சி கேட்டதுக்கு, "வேண்டாம் ஆத்தா, மண்ணைப் போட்டு மூடு"ன்னாராம். அவ மூடினா. அங்க கரையும் அடைஞ்சது, இங்க கதையும் அடைஞ்சது.