லத்தி இல்லாத தோட்டம்

யானைக் கணக்கெடுக்க மாதி வருகிறாள் என்று காதில் விழுந்ததுமே, தேயிலைத் தோட்ட முதலாளி நஞ்சப்பன் ஆள் விட்டுத் தோட்டத்தில் கிடந்த யானைச் சாணத்தை, அந்த லத்தியையெல்லாம், அள்ளி ஒழித்துவிட்டார். தோட்டத்துச் சரிவில் அவருக்கு விடுதி கட்டியாக வேண்டும்; யானை நடமாடும் இடமென்றால் அனுமதி கிடைக்காது.

"எங்கே, ஒரு லத்தி காட்டு பார்ப்போம்! இல்லேன்னா இங்கே யானையே வராதுன்னு எழுதிக் கொடு!" மாதியோடு வந்த வனத்துறை ரேஞ்சர் முன்னாலேயே நஞ்சப்பன் அதட்டினார்.

வனக் காவலர் மாதி அசரவில்லை. "எழுதிடறேனுங்க முதலாளி. யானை வராத இடத்துல உங்க பங்களாவைச் சுத்தி நாங்க வெட்டின அகழி எதுக்கு? நாளைக்கே மண்ணைத் தள்ளி மூடிடறோமுங்க."

"ஐயையோ, மூடித் தொலைச்சிடாதே! போன வாரங்கூட மூணு வந்து நின்னுச்சு!"

மாதி படிவத்தை விரித்துப் பேனாவைத் திறந்தாள்.

"மூணுல கொம்பன் எத்தனைங்க, முதலாளி?"