வாய்க்கால் வெட்டத் தெரிந்த பெருச்சாளி

ஒரு காட்டில் சிறைக் குகை ஒன்று இருந்தது, பிள்ளைகளே. அதிலிருந்து விடுதலையான விலங்குகள் மறுபடியும் திருடிவிட்டு, போன வழியே திரும்பி வந்தன. சிங்கராஜாவுக்கு இது பெரிய தலைவலியாகிவிட்டது.

"இனிமேல் உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு தொழில் கற்றுக்கொடுங்கள். பிழைக்க வழி தெரிந்தால் ஏன் திருடப் போகிறார்கள்?" என்று சிங்கம் கட்டளையிட்டது.

காடே கைதட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது முயல். தட்டுவதற்கு என்ன செலவு?

அந்த முயலின் வளையில் ஓட்டை போட்டுத் தானியம் திருடியதற்காகத்தான் பெருச்சாளி சிறையில் கிடந்தது. மண் தோண்டுவதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. சிறையைக் காத்த முள்ளம்பன்றி, மழைநீர் வளைக்குள் புகாதபடி சுற்றிலும் வாய்க்கால் வெட்டும் வேலையை அதற்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது. பெருச்சாளியும் ஆசையாகக் கற்றுக்கொண்டது.

ஐப்பசி பிறக்கும் நேரத்தில் விடுதலை கிடைத்தது.

"இனி இந்தப் பக்கம் வராதே, தம்பி," என்றது முள்ளம்பன்றி.

"வரமாட்டேன், அண்ணே. மழைக்காலத்தில் எனக்கு வேலைக்கா பஞ்சம்?" என்று பெருச்சாளி துள்ளிக்கொண்டு போனது.

நேராக முயலிடம் சென்றது. "அக்கா, அன்றைக்கு நான் செய்தது தப்புதான். உங்கள் வளையைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தருகிறேன். ஒரு வேளைச் சாப்பாடு போதும்."

முயல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. "நீ திருந்திவிட்டாயாமே, ரொம்ப சந்தோஷம். ஆனால் என் வீட்டில் குட்டிகள் இருக்கின்றன. கீரியிடம் கேட்டுப் பாரேன்."

"ராஜாவின் திட்டம் அருமையான திட்டம். நீ உடும்பிடம் போ," என்றது கீரி. உடும்போ, பெருச்சாளியின் தலை தெரிந்ததுமே உள்ளே போய் ஒளிந்துகொண்டது.

காடு முழுவதும் அலைந்தும் வேலை கிடைக்கவில்லை. பட்டினியில் வயிறு ஒட்டிப்போனது. பெருச்சாளி வெட்கத்தை விட்டுச் சிறை வாசலுக்கே வந்தது.

"அண்ணே, பசிக்கிறது. இங்கேயாவது ஒரு வேலை கொடுங்கள்."

முள்ளம்பன்றிக்குக் கண் கலங்கியது. "குற்றம் செய்தவர்களுக்குத்தான் இங்கே இடம், தம்பி. சட்டம் அப்படி."

பெருச்சாளி தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனது. அன்று மாலையே முயலின் வளையில் பின்பக்கமாகப் புகுந்து, ஒரு பிடி தானியத்தோடு பிடிபட்டது.

"நான் அப்போதே நினைத்தேன்! திருட்டுப் புத்தி எங்கே போகும்?" என்று முயல் கத்தியது.

"ராஜாவின் திட்டம் சுத்தத் தண்டம்," என்றது கீரி. காடு ஆமாம் போட்டது.

பெருச்சாளி மறுபடியும் சிறைக்குள் வந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டதும் வானத்தைப் பார்த்தது. "அண்ணே, இருட்டிக்கொண்டு வருகிறது. இங்கே ஒரு வாய்க்கால் வெட்டட்டுமா?"

"வெட்டு," என்றது முள்ளம்பன்றி.

மழை விடாமல் கொட்டியது. காட்டிலிருந்த வளைகளெல்லாம் நிரம்பின. முயல் ஒரே ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு, நடுங்கியபடி சிறை வாசலுக்கு வந்தது. மற்றக் குட்டிகளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

அந்தக் காட்டில் நனையாத தரை அங்கே மட்டும்தான் இருந்தது.

பெருச்சாளி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

நீதி: திருந்தி வந்தவனுக்கு வேலை தர மறுக்கும் ஊர், அவனை மீண்டும் திருடனாக்குகிறது, அதன் துன்பத்தைத் தானும் அனுபவிக்கிறது.